படத்தில் இல்லாத கோடு

கேள்வி: ஐயா, வணக்கம். நான் தச்சு வேலை செய்கிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவன். மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மற்றக் கணக்குகளைத் தானே போட்டுவிடுவாள். வட்டத்தில் 'நிரூபி' என்று வந்தால் மட்டும் பேனாவை மூடி வைத்துவிடுகிறாள். போன வாரம் வந்த கணக்கு இது. இரண்டு வட்டங்கள் ப, ம என்ற புள்ளிகளில் வெட்டிக்கொள்கின்றன. ப வழியாகச் செல்லும் ஒரு நேர்கோடு முதல் வட்டத்தை க-விலும் இரண்டாம் வட்டத்தை ட-விலும் சந்திக்கிறது. ம வழியாகச் செல்லும் இன்னொரு நேர்கோடு முதல் வட்டத்தை ச-விலும் இரண்டாம் வட்டத்தை த-விலும் சந்திக்கிறது. க-ச, ட-த ஆகிய இரண்டு கோடுகளும் இணை என்று நிரூபிக்க வேண்டும். மகள் கோணமானியை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "இணையாகத்தான் இருக்கிறது அப்பா, இதில் நிரூபிக்க என்ன இருக்கிறது?" என்கிறாள். கைபேசியில் தேடி முழு விடையையும் எடுத்துக் கொடுத்தேன். பார்த்து எழுதிவிட்டாள். மறுநாள் கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. டியூஷன் வைக்கட்டுமா? கணக்குத் தெரியாத அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பயன் உண்டா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பயன் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிரூபணத்தில் திணறும் பிள்ளைக்குப் பக்கத்தில், விடை தெரியாத, ஆனால் பொறுமையாகக் கேள்வி கேட்கும் ஒருவர் இருப்பது பெரிய உதவி. விடை தெரிந்தவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. நானே அப்படித்தான் இருந்தேன். பணியில் சேர்ந்த புதிதில் கரும்பலகையில் ஒரு நிரூபணத்தை ஐந்தே நிமிடத்தில் அழகாக எழுதி முடிப்பேன். வகுப்பு முழுவதும் தலையாட்டும். மறுநாள் அதே படத்தைத் தலைகீழாக வரைந்து, எழுத்துகளை மட்டும் மாற்றிக் கேட்டேன். நாற்பது பிள்ளைகளில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது: நான் காட்டியது நிரூபணத்தின் முடிவை. அதற்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைப் பிள்ளைகள் பார்க்கவே இல்லை. கைபேசி உங்கள் மகளுக்குக் காட்டியதும் அதைத்தான்.

மகள் கேட்ட கேள்வியைத் தட்டிவிடாதீர்கள். அளந்தால் இணையாக இருக்கிறது, பிறகு எதற்கு நிரூபணம் என்பது நல்ல கேள்வி. அதற்கு வாயால் பதில் சொல்ல வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஒரு வட்டத்தைச் சிறியதாகவும் மற்றதைப் பெரியதாகவும் மாற்றி வரையச் சொல்லுங்கள். கோடுகளை வேறு சாய்வில் போடச் சொல்லுங்கள். மறுபடியும் இணையாக வரும். இன்னொரு படம் வரையட்டும். அதிலும் வரும். மூன்றாவது படத்தில் அவள் முகத்தைப் பாருங்கள். 'இணையாக இருக்கிறது' என்பது 'ஏன் ஒவ்வொரு முறையும் இப்படியே வருகிறது?' என்று மாறும். அந்த 'ஏன்' அவளாகக் கேட்க வேண்டும். கோணமானி அந்த ஒரு படத்துக்கு மட்டும்தான் சாட்சி சொல்லும். இனி உலகில் யார் வரையப்போகும் படத்துக்கும் சேர்த்துச் சாட்சி சொல்வது நிரூபணம்.

இனி உங்கள் பட்டறைக்கு வருகிறேன். ஒரு வட்டப் பலகை இருக்கிறது, அதன் மையக்குறி தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலைமட்டத்தின் மூலை பலகையின் விளிம்பைத் தொடும்படி வையுங்கள். மட்டத்தின் இரு கைகளும் விளிம்பைக் கடக்கும் இடங்களில் பென்சிலால் குறித்து, இரண்டு குறிகளையும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். அது விட்டம். மட்டத்தை விளிம்பில் வேறோர் இடத்துக்கு நகர்த்தி இன்னொரு விட்டம் போடுங்கள். இரண்டும் வெட்டும் இடம் மையம். மட்டத்தின் கைகள் விளிம்பை எட்டும் அளவுக்கு நீளமாக இருந்தால் போதும். இதை மகளை வைத்துக்கொண்டு செய்யுங்கள். செய்துவிட்டு, "இது எப்படி வேலை செய்கிறது?" என்று நீங்கள் அவளிடம் கேளுங்கள்.

அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்ற தேற்றத்தை அவள் பாடத்தில் படித்திருப்பாள். மூலைமட்டம் பயன்படுத்துவது அதன் மறுதலையை: விளிம்பில் செங்கோணம் வைத்தால் எதிரே கிடைப்பது விட்டம். தேற்றத்தின் நிரூபணம் ஒரே ஒரு கோட்டில் அடங்குகிறது. விட்டத்தின் இரு முனைகளையும் பரிதியில் உள்ள ஒரு புள்ளியோடு சேர்த்தால் ஒரு முக்கோணம் வரும். மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு ஓர் ஆரம். விட்டத்தின் இரு பாதிகளும் ஆரங்களே. ஆக, பெரிய முக்கோணம் இரண்டு இருசமபக்க முக்கோணங்களாகப் பிரிந்துவிட்டது. முதலாவதில் அடிக்கோணங்கள் இரண்டும் சமம், இரண்டாவதிலும் அப்படியே. விட்டத்தின் ஒரு முனையில் 35 பாகை இருந்தால், மேலே உள்ள புள்ளியில் அந்தப் பக்கத்துப் பங்கும் 35. மறுமுனையில் 55 இருந்தால் மேலே அதன் பங்கும் 55. மேலே உள்ள முழுக் கோணமும் கீழே உள்ள இரண்டு கோணங்களின் கூடுதலும் சமம். மூன்றும் சேர்ந்து 180 ஆக வேண்டுமென்றால் மேலே இருப்பது அதில் பாதி, 90. எண்களை மாற்றினாலும் இந்தப் பேச்சு மாறாது.

நான் இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வட்டம் நமக்குத் தரும் ஆதாரம் ஒன்றே ஒன்று: எல்லா ஆரங்களும் சமம். அதிலிருந்து இருசமபக்க முக்கோணம் கிடைக்கிறது. அதிலிருந்து, ஒரு வில் மையத்தில் தாங்கும் கோணம் பரிதியில் தாங்கும் கோணத்தைப் போல இருமடங்கு என்பது கிடைக்கிறது. அதிலிருந்து, வட்ட நாற்கரத்தின், அதாவது நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மேல் இருக்கும் நாற்கரத்தின், எதிர்க்கோணங்களின் கூடுதல் 180 என்பது கிடைக்கிறது: எதிரெதிர்க் கோணங்கள் இரண்டும் தாங்கி நிற்கும் விற்கள் சேர்ந்தால் முழு வட்டம், மையத்தில் 360, அதில் பாதி 180. கி.மு. 300 வாக்கில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் 'எலிமெண்ட்ஸ்' தொகுப்பின் மூன்றாம் நூலில் இவற்றை இதே வரிசையில்தான் அடுக்கினார். மையக்கோணம் 20-ஆவது தேற்றம், ஒரே வட்டத்துண்டில் அமையும் கோணங்கள் 21-ஆவது, வட்ட நாற்கரம் 22-ஆவது. ஒன்றின் தோளில் ஒன்று நிற்கிறது. நம் பிள்ளைகள் இவற்றைத் தனித்தனித் தேற்றங்களாக, கட்டம் போட்ட வாசகங்களாக மனப்பாடம் செய்கிறார்கள். கணக்கில் எதை எடுப்பது என்று தெரியாமல் விழிப்பதற்கு அதுவே காரணம். மகள் இந்தத் தொடரை ஒருமுறை தன் வாயால் உங்களுக்குச் சொல்லட்டும். நீங்கள் "அது ஏன்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள். ஆரம் சமம் என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிடலாம். அதற்குக் கீழே தோண்ட ஒன்றுமில்லை.

இப்போது அந்தக் கணக்கு. அவள் எங்கே நின்றுபோனாள் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். 'எனக்கு வரவில்லை' என்பது இடத்தைச் சொல்லாது. நோட்டை வாங்கிப் பாருங்கள். இந்தக் கணக்கில் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நிற்பார்கள். ஒன்று, 'க-ச-வும் ட-த-வும் இணை, ஆகவே இந்தக் கோணங்களின் கூடுதல் 180' என்று தொடங்கியிருப்பார்கள். நிரூபிக்க வேண்டியதையே கையில் எடுத்துக்கொண்டு நிரூபிக்கப் புறப்படுவது இது. திட்டாதீர்கள், எல்லாரும் செய்வதுதான். தாளின் மேல் ஓரத்தில் 'தரவு' என்று ஒரு பெட்டியும் 'நிரூபிக்க வேண்டியது' என்று இன்னொரு பெட்டியும் போட்டு, இரண்டாவது பெட்டியில் உள்ளதைக் கடைசி வரி வரை தொடக் கூடாது என்று சொல்லுங்கள். மற்றொன்று, படத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பது. படத்தில் இரண்டு வட்டங்கள், இரண்டு கோடுகள், நிரூபிக்க வேண்டிய இரண்டு நாண்கள். இவற்றுக்குள் சொல்வதற்கு எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காதுதான். தேவையான கோடு அந்தப் படத்தில் இல்லை.

அந்தக் கோட்டை நீங்கள் போட்டுக் காட்ட வேண்டாம். இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "முதல் வட்டத்துக்கும் இரண்டாம் வட்டத்துக்கும் பொதுவாக இருப்பது எது?" அவள் ப, ம என்று இரண்டு புள்ளிகளைச் சொல்வாள். "அந்த இரண்டையும் வைத்து என்ன செய்யலாம்?" இவ்வளவு போதும். கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். அந்த மௌனம்தான் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் கடினம். ஐந்து நிமிடம் கழித்தும் வராவிட்டால், இரண்டு புள்ளிகளைச் சேர்க்கலாமா என்று கேளுங்கள்.

ப-ம என்ற அந்தப் பொது நாணைப் போட்டவுடன் படம் மாறிவிடும். முதல் வட்டத்துக்குள் க, ப, ம, ச என்று ஒரு வட்ட நாற்கரம். இரண்டாம் வட்டத்துக்குள் ப, ட, த, ம என்று இன்னொன்று. அவளுக்குத் தெரிந்த தேற்றம் இரண்டு இடத்தில் காத்துக்கொண்டிருக்கிறது. இங்கே எழுத்துகளில் இறங்காமல் ஓர் எண்ணைக் கொடுத்து நடக்க விடுங்கள். ச-வில் உள்ள கோணம் 70 என்று வைக்கச் சொல்லுங்கள். எதிரே, ப-வில் முதல் வட்டத்தின் பக்கமாக உள்ள கோணம் எவ்வளவு? 110. க, ப, ட மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் ப-வில் மறுபக்கம் மிஞ்சுவது? 70. அதற்கு எதிரே, இரண்டாம் வட்டத்தில் த-வில்? 110. கடைசியாக ச-வையும் த-வையும் பாருங்கள். இரண்டும் ச-ம-த என்ற ஒரே நேர்கோட்டின் மேல் நிற்கின்றன. ஒன்று 70, மற்றது 110, சேர்ந்தால் 180. குறுக்குவெட்டியின் ஒரே பக்கத்து உட்கோணங்களின் கூடுதல் 180 என்றால் கோடுகள் இணை. முடிந்தது.

70-ஐ 83 ஆக்கி இன்னொரு முறை நடக்கட்டும். பிறகு எண்ணுக்குப் பதிலாக ஓர் எழுத்தை வைத்து, அதே நான்கு படிகளையும் காரணத்தோடு எழுதட்டும். அப்படி எழுதியது அவளுடைய நிரூபணம். பதினைந்து நாள் கழித்துக் கேட்டாலும் அந்த எண் நடந்த வழி நினைவில் இருக்கும். அவள் கெட்டிக்காரியாக இருந்தால், வட்ட நாற்கரத்தின் ஒரு பக்கத்தை நீட்டினால் வரும் வெளிக்கோணம் உள்ளெதிர்க் கோணத்துக்குச் சமம் என்பதை வைத்து ஒரு படியைச் சுருக்குவாள். சுருக்காவிட்டாலும் குறையில்லை.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். ம வழியாகப் போகும் கோட்டை மிகவும் சாய்த்து வரைந்தால், ச-வும் த-வும் ம-வுக்கு ஒரே பக்கத்தில் வந்துவிடக்கூடும். அப்போது இந்த நான்கு படிகள் அப்படியே பொருந்தா. எதிர்க்கோணங்களுக்குப் பதிலாக ஒரே வட்டத்துண்டில் அமையும் கோணங்கள் சமம் என்பதையும், உட்கோணங்களுக்குப் பதிலாக ஒத்த கோணங்களையும் எடுக்க வேண்டியிருக்கும். முடிவு மாறாது. மகள் அப்படி ஒரு படம் வரைந்துவிட்டு "இதில் வரவில்லையே" என்றால், படம் தப்பு என்று சொல்லி அழிக்க வைக்காதீர்கள். பெரிய கணக்கு ஆசிரியர்களே பாராட்டக்கூடிய கேள்வி அது.

'இந்தக் கோட்டைப் போட வேண்டும் என்று எப்படித் தெரியும்?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்டே ஆக வேண்டிய கேள்வி. கைபேசி தரும் விடையில் 'அமைப்பு: ப, ம ஆகியவற்றை இணைக்க' என்று ஒற்றை வரி இருக்கும். எங்கிருந்து வந்தது என்று இருக்காது. மந்திரம் போலத் தோன்றும். மந்திரம் இல்லை. வட்டத்தில் போடத் தகுந்த கோடுகள் மிகச் சிலதான். இரண்டு வட்டங்கள் வெட்டினால் பொது நாண். தொட்டுக்கொண்டால் தொடும் புள்ளியில் பொதுத் தொடுகோடு, அல்லது மையங்களைச் சேர்க்கும் கோடு. தொடுகோடு கொடுத்திருந்தால் தொடும் புள்ளிக்கு ஆரம், அங்கே செங்கோணம் கிடைக்கும். நாணின் நீளத்தைப் பற்றிய பேச்சு வந்தால் மையத்திலிருந்து நாணுக்குச் செங்குத்து, அது நாணை இருசமக் கூறிடும். விட்டம் தெரிந்தால் பரிதிப் புள்ளியை அதன் இரு முனைகளோடும் சேர்ப்பது, அங்கேயும் செங்கோணம். உங்கள் தொழிலிலும் எந்த வேலைக்கு எந்த உளி என்று கை அறியும். முதல் நாள் அறிந்திருக்காது. இதுவும் அப்படியே. மகள் போடும் ஒவ்வொரு வட்டக் கணக்குக்கும் கீழே, 'இதில் நான் போட்ட கோடு எது, ஏன்?' என்று ஒரு வரி எழுதி வைக்கட்டும். இருபது கணக்கு முடிவதற்குள் தேடாமலே கை போகும்.

கைபேசியில் தேடிக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். அதைப் பூட்டி வைக்கச் சொல்ல மாட்டேன். தேடினால் முழு விடையையும் ஒரே மூச்சில் கொட்டிவிடும் என்பதுதான் அதில் சிக்கல். முழு நிரூபணத்தை வாசிக்கும்போது ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் படும், ஆகவே புரிந்துவிட்டது என்று மனம் நம்பிவிடும். விடையைத் திறந்தே ஆக வேண்டிய நிலை வந்தால், மேலே ஒரு தாளை வைத்து மூடி, முதல் வரியை மட்டும் பார்க்கட்டும். பார்த்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பத்து நிமிடம் தானே முயலட்டும். மறுபடி நின்றால் அடுத்த வரி. முழுக்க முடித்த பிறகு, எதையும் பார்க்காமல் ஒரு புதிய தாளில் படத்தோடு எழுத வேண்டும். அது வராவிட்டால் அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.

டியூஷனைப் பொறுத்தவரை, இந்த ஒரு காரணத்துக்காக இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. மற்றக் கணக்குகளைத் தானே போடும் பிள்ளை என்கிறீர்கள். பல டியூஷன்களில் நடப்பது, விடையை வேகமாக எழுதிப்போட்டுப் படிக்கச் சொல்வது. உங்கள் மகளுக்குத் தேவைப்படுவது நேரெதிர். அதைவிட அவளுடைய பள்ளி ஆசிரியரிடம் போகச் சொல்லுங்கள். போகும்போது 'சார், இந்தக் கணக்கு வரவில்லை' என்று போகக் கூடாது. பெரிதாக ஒரு படம், தரவுகளைப் படத்திலேயே குறித்தது, தான் கண்டுபிடித்த இரண்டு மூன்று கோணங்கள், நின்றுபோன இடத்தில் ஒரு கேள்விக்குறி. இவ்வளவோடு போனால் எவ்வளவு வேலை நெருக்கடியில் இருக்கும் ஆசிரியரும் இரண்டு நிமிடம் நின்று பதில் சொல்வார். நான் சொல்லியிருக்கிறேன். வராந்தாவில், மணி அடித்த பிறகு, சுவரில் நோட்டை வைத்துக்கொண்டு. "முழு விடை வேண்டாம் சார், அடுத்த அடி மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்ட ஒரு மாணவியை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். உதவி கேட்பதற்கு அதைவிட நல்ல வாசகம் எனக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்வைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும். இப்போதைய பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் 100 மதிப்பெண்ணில் எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு. அவற்றில் ஒன்று செய்முறை வடிவியல், மற்றது வரைபடம். ஆகவே எங்கும் கவராயத்தைக் கையில் கொடுத்து வரையப் பழக்குகிறார்கள். நிரூபணத்தை எழுதி மனப்பாடம் செய்ய விட்டுவிடுகிறார்கள். வரையும்போதே 'இந்த வில்லை ஏன் இங்கே வெட்டுகிறோம்?' என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு இரண்டும் ஒரே வேலைதான். இந்த ஓராண்டு அதற்குத் தாராளமாகப் போதும்.

மகளுக்கு ஒரு கணக்கு தருகிறேன். இரண்டு வட்டங்கள் வெளிப்புறமாக ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்கின்றன. அந்தத் தொடும் புள்ளி வழியாக ஒரு நேர்கோடு போகிறது. அது முதல் வட்டத்தை இன்னொரு புள்ளியிலும், இரண்டாம் வட்டத்தை இன்னொரு புள்ளியிலும் சந்திக்கிறது. அந்த இரண்டு புள்ளிகளுக்கும் அந்தந்த வட்டத்தின் மையத்திலிருந்து ஆரங்கள் வரைந்தால், அந்த ஆரங்கள் இணை. ஏன்? இரண்டு மையங்களும் தொடும் புள்ளியும் ஒரே நேர்கோட்டில் அமையும் என்பதை அவள் வைத்துக்கொள்ளலாம். வேறு எந்தப் பெரிய தேற்றமும் தேவையில்லை, மூலைமட்டக் கணக்கில் பார்த்ததே போதும்.

விடையை இங்கே எழுதவில்லை. அவள் முயன்று எழுதியதை அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துப் பதில் எழுதுகிறேன். தவறாகப் போட்ட கோடுகளை ரப்பர் வைத்து அழித்துவிட்டு அனுப்ப வேண்டாம், அவை அப்படியே இருக்கட்டும்.